நீலத் தண்ணீர்

அருள்மலர் திரையைப் பறித்து இழுத்தாள். இழுத்த இழுப்பில் இரண்டு கொளுக்கிகள் கழன்று தரையில் உருண்டன.

உள்ளே யாரும் இல்லை. கட்டிலில் அவள் புருஷன் மகேஸ்வரன் மட்டும்.

ஆனால் அவள் தன் காதால் கேட்டாள். "அன்ரனெற்..." என்று அவன் குரல். அத்தனை கொஞ்சல்! ஏழு வருடக் கலியாணத்தில் அவளை அவன் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கட்டுக்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தொண்ணூற்றாறு மாசியில், ரொறன்ரோ ஆஸ்பத்திரி ஒன்றில், பட்டப்பகலில் நடந்தது இது.

நிமோனியா வந்து மூச்சு மெஷினில் கிடந்தவன் மகேஸ்வரன். மெஷினை மெல்ல மெல்லக் குறைத்தபோதுதான் தெரிந்தது, நாக்குக்கும் குரல்வளைக்கும் போகிற நரம்புகள் செயலிழந்திருந்தன. பேச்சில்லை. எச்சிலைக்கூட விழுங்க முடியாது. கழுத்துத் துளையில் செருகிய குழாயால்தான் மூச்சு.

"எனக்கு ஒரு சத்தமில்லை. உவளுக்கு மட்டும் வாய் திறக்குதோ?" அருள்மலர் சீறினாள்.

அவன் கண்ணோரம் நனைந்தது.

உறிஞ்சு குழாயோடு நர்ஸ் துர்க்கா திரும்பி வந்தாள்.

"இவர் கதைச்சவர், துர்க்கா!"

"உவரால ஏலாதக்கா. தொண்டைக்குக் காத்தே வராது."

போகுமுன் துர்க்காதான் அவன் நாக்கில் நீலச் சாயம் கலந்த தண்ணீரைச் சொட்டியிருந்தாள். விழுங்குவது பிழைத்தால் கழுத்துக் குழாயில் நீலம் வரும். அதுதான் சோதனை.

உறிஞ்சிப் பார்த்தாள். நீலம் இல்லை.

வாயைத் திறந்தாள். அங்கேயும் இல்லை...

"விழுங்கிட்டாரோ?"

"விழுங்கேலாதக்கா. அப்ப... எங்க போச்சு?"

சுவர்க் கடிகாரத்தில் இரண்டரை.

அருள்மலர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அன்ரனெற், அவனோடு பாக்டரியில் ஒரே கன்வேயர் பெல்ட்டில் நின்று வேலை செய்பவள். டோர்செட் பார்க்கில் அவள் இருக்கும் மாடிக் கட்டடத்தை அருள்மலர் எப்போதோ ஒளித்திருந்து பார்த்து வைத்திருந்தாள். இன்றைக்கு ரெண்டிலொன்று!

அங்கே போய்த் தட்டியபோது கதவைத் திறந்தது அன்ரனெற்றின் தமையன் அலெக்ஸாண்டர். கறுப்புக் கோட்டு. சிவந்த கண்.

"எங்க உங்கட தங்கச்சி?"

"உங்களுக்குத் தெரியாதே? புதன்கிழமை ஐஸில சறுக்கி... தலை அடிபட்டு... முடிஞ்சுது."

இன்று வெள்ளி.

அலெக்ஸாண்டர் கோட்டைக் கழற்றாமலே தொடர்ந்தான்.

"அவளைச் சவப்பெட்டியில வைச்சிருக்கிற இடத்தில இருந்துதான் வாறன். காலமை முகம் வடிவா இருந்தது. ரெண்டரை மணிக்குப் பிறகுதான்..."

"பிறகுதான்...?"

"அவளின்ர வாயால வருது. துடைக்கத் துடைக்க வருது. மை மாதிரி... நீலத் தண்ணி."