பதினாறு நாளைக்கு மட்டும்

எனக்கு நல்ல குரல் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இளவயதில் வானொலி அறிவிப்பாளர் வேலைக்கான குரல் தேர்வுக்குத் திருநெல்வேலி போனேன். இரண்டாவது வாக்கியத்திலேயே போதும் என்று கையைக் காட்டிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் முடிவெடுக்க முடிகிறதென்றால் குரல் எவ்வளவு சிறப்பாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் ரயிலில் திரும்பும்போது நினைத்தேன். மணியாச்சி தாண்டிய பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. வேலை வரவில்லை; நம்பிக்கை மட்டும் கூடவே கோவில்பட்டியில் இறங்கிக்கொண்டது.

ஆகவே, கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டச் சொன்னபோது, ஊரே கலங்கி நின்ற வேளையில், எனக்குள் ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நான் தொடக்கப்பள்ளி வாத்தியார். பள்ளிக்கூடம், டவுன் பஸ் போய்த் திரும்புகிற ஒரு கரிசல் கிராமத்தில். ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை என் பொறுப்பு. பிள்ளைகளைப் பெற்றவர்களில் பாதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் மானாவாரிக் காட்டை நம்பி வானத்தைப் பார்க்கிறவர்கள். வீட்டுக்கு ஒரு செல்போன் இருந்தால் பெரிது. அந்த ஒன்றும் அப்பாக்களின் சட்டைப் பையில் இருக்கும். அந்த எண்களையெல்லாம் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன்.

மற்ற ஊர்களில் பாடம் நடத்தினார்கள். நான் செய்தி வாசித்தேன். 'வகுப்பறைச் செய்திகள்' என்று பெயர். சாயங்காலமானால் ஒலிப்பதிவு போய்விடும். வகுப்பறையில் யாரும் இல்லாதபோது அங்கே என்ன செய்தி இருக்க முடியும் என்று கேட்கலாம். எனக்கு அது ஒரு தடையாகவே தோன்றவில்லை. வாரத்தில் சில நாள் பைக்கில் போய்ப் பள்ளியைத் திறந்து, காலி பெஞ்சுகளுக்கு நடுவே நின்று பதிவு செய்வேன். கரும்பலகையில் பாதியில் விட்டுப்போன கூட்டல் கணக்கு இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது என்பேன். வேப்பம்பழம் விழுந்து வாசல் முழுக்க ஈ மொய்க்கிறது என்பேன். சத்துணவுக் கூடத்தின் பெரிய அண்டாவில் ஒரு தவளை குடியேறி, வாடகை கொடுக்க மறுக்கிறது என்பேன். எல்லாம் சுத்தமான செந்தமிழில், ஏற்ற இறக்கத்தோடு.

கடைசியில் வருகைப் பதிவு. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, பிள்ளை வீட்டிலிருந்தே 'உள்ளேன் ஐயா' சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விடுவேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்காக மாவட்ட அளவில் ஏதாவது பாராட்டு வரும் என்று ஒரு நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கூட வைத்திருந்தேன்.

பாராட்டு வரவில்லை. பதிலும் வரவில்லை. யாரும் பதில் போடாத நாளில் சிக்னல் கோளாறு என்று முடிவுகட்டி, அதையே மறுபடியும் அனுப்புவேன். சில நாளில் ஒரே ஒரு எண்ணிலிருந்து மட்டும் தவறாமல் ஒரு கட்டைவிரல் வரத் தொடங்கியது. தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருடைய எண் அது. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா. பள்ளி வாசலில் எப்போதாவது பார்த்தால் வண்டியை நிறுத்தாமலே ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போவார். அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் பகலெல்லாம் மூட்டை ஏற்றி இறக்கிவிட்டு, அந்தி மயங்கும் நேரத்தில் வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, என் வாக்கியங்களை ஒவ்வொன்றாக ரசித்து, விரலை உயர்த்துகிற ஒரு மனிதரை நான் மனதில் வைத்திருந்தேன். சில வர்ணனைகளை அவருக்கென்றே எழுதினேன்.

இரண்டாம் அலையில் அவர் போய்விட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது துணியில் சுற்றிய ஒன்று. அதையும் வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை.

குழுவில் நீளமான இரங்கல் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது என்று அப்போதே தோன்றியது; அந்த நினைப்புக்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு சாயங்காலம் வந்தது. ஒலிப்பதிவு தயாராக இருந்தது. அனுப்பப் போன விரல் நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் பதினாறு கழியும்வரை ரேடியோ பாடாது, டி.வி. ஓடாது. பக்கத்து வீட்டில்கூடச் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். அப்படியிருக்க, செத்துப்போனவருடைய போனுக்குத் தவளைக் கதையை அனுப்புவதா? மற்ற பிள்ளைகளுக்கு அனுப்பாமலும் இருக்க முடியாது. யோசித்து, அந்த எண்ணைக் குழுவிலிருந்து எடுத்தேன். பதினாறு நாளைக்கு மட்டும். விசேஷம் கழிந்த மறுநாள் மறுபடியும் சேர்த்துவிடலாம். இதை யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட நாகரிகத்தை வாயால் சொன்னால் அதன் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

எடுத்த உடனே ஒரு தகப்பனார் எனக்குத் தனியாக, 'நல்ல முடிவு சார்' என்று அனுப்பினார். என்னைப் புரிந்துகொண்ட இன்னொருவர் என்று மகிழ்ந்தேன்.

பதினாறு கழிந்தது. எனக்கு மறந்துபோனது.

இதற்குக் காரணம் ஏதாவது சொல்ல முடியுமா என்று நானும் பல தடவை தேடிப் பார்த்துவிட்டேன். காய்ச்சலில் படுத்தேனா, இல்லை. வீட்டில் ஏதும் நேர்ந்ததா, இல்லை. நான் செய்தி வாசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். வருகைப் பதிவில் அந்தப் பெண்ணின் பெயரையும் தினமும் கூப்பிட்டு, இடைவெளியும் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழைக்குள் சின்ன வகுப்புகளைத் திறந்தார்கள். பிள்ளைகள் முகக்கவசத்தோடு, உயரம் கூடி, கொஞ்சம் அந்நியமாக வந்தார்கள். அந்தப் பெண் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மழைக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சத்துணவு சமைக்கிற அக்காவிடம் கேட்டேன். அவர் அதே தெருக்காரர்.

"அவ எப்பிடி சார் வருவா? நீங்கதான நீக்கி விட்டிய?"

"யாரு நீக்குனது? என்னக்கா சொல்லுதிய?"

அக்கா கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தார். "போன்லதான் சார் வந்துச்சாம். அவ அம்மைக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் புள்ளதான் எழுத்துக்கூட்டி வாசிச்சுச் சொல்லிருக்கு, சார் நம்மள நீக்கிட்டாவன்னு. கொரோனா விழுந்த வீடுன்னு பள்ளிக்கூடத்துலயும் ஒதுக்கிட்டாவன்னு அவ அம்ம ஒரே அழுகை. கடைக்காரரு துட்டைக் கையில வாங்க மாட்டேன்னு திண்டுல வைக்கச் சொன்ன நேரம் சார் அது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க படிச்சவிய. தெரிஞ்சுதான் செஞ்சிருப்பியன்னு ஊரே நெனச்சுச்சு. பள்ளிக்கூடத்துல அவளுக்குக் குடுத்த அரிசி பருப்பக்கூட நான்தான கொண்டு குடுத்தேன். அவ அம்ம பள்ளிக்கூடத்துப் பக்கம் வரமாட்டேன்னுட்டா."

'நல்ல முடிவு சார்' என்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. எழுத்துக்கூட்டி வாசிக்க அந்தப் பெண்ணுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஊரடங்குக்கு முன்னால், ஒன்றாம் வகுப்பில். யாருடைய உதவியும் இல்லாமல் அவள் வாசித்த முதல் வாக்கியம் இதுவாக இருக்கலாம்.

சாயங்காலம் அவர்கள் தெருவுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. கரிசல் மண் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு காலை மட்டும் விட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நடந்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிற ஒருவனுக்குப் பொருத்தமான கோலம்தான்.

வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. கரகரப்பாக, தேவையில்லாத இடங்களில் எல்லாம் இழுத்துப் பேசுகிற குரல். யாரோ விருந்தாளி என்று தயங்கி நின்றேன். "நம் வகுப்பறை அலமாரிக்குள் ஒரு பூனை மூன்று குட்டிகள் ஈன்றிருக்கிறது. இன்னும் அவை கண் திறக்கவில்லை" என்றது அந்தக் குரல். அது நான்.

அந்தக் குரல் தேர்வில் ஏன் இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தினார்கள் என்று அந்தத் தெருவில் நின்றபோது புரிந்தது.

அவளுடைய அப்பா இருந்தபோது கடைசியாகப் போன ஒலிப்பதிவு அது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு என் செய்தி எதுவும் வரவில்லை. இருப்பதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கதவு லேசாகத் திறந்திருந்தது. வருகைப் பதிவு தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் உள்ளிருந்து 'உள்ளேன் ஐயா' வந்தது. மூக்கடைத்தவன் பெயருக்கு மூக்கடைத்த குரல். கத்துகிறவளுக்குக் கத்தல். எப்போதும் இரண்டு தடவை சொல்கிறவனுக்கு இரண்டு தடவை. வகுப்பு முழுக்க அந்த ஒரே அறைக்குள் இருந்தது. நான் கூப்பிட, அவள் எல்லோருமாகிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் வந்தது.

உள்ளே சத்தமில்லை. நான் விட்டிருந்த இடைவெளி அப்படியே கடந்து போனது. பிறகு அடுத்த பெயர், அதற்குப் பதில்.

"ஏன் சார் வெளியவே நிக்கிய?"

அவளுடைய அம்மா தண்ணீர்க் குடத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வேன் இறக்கிவிட்டதும் தண்ணீருக்குப் போயிருக்க வேண்டும். சேலையில் தீக்குச்சி மருந்து வாடை இருந்தது. நான் எதற்காக எண்ணை எடுத்தேன் என்று சொன்னேன். துக்க வீடு, ரேடியோ, பதினாறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நன்றாக இருந்தது. அங்கே சொல்லும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை.

அவர் குடத்தை இறக்கி வைத்தார். "பதினாறு கழிஞ்சு எத்தன மாசம் ஆச்சு சார்?" என்று மட்டும் கேட்டார். சண்டை போடுகிற குரலில் இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"மறந்துட்டேம்மா."

"மறந்துட்டியளா" என்றார். ஒதுக்கினோம் என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு ஒருவேளை தேவலையாக இருந்திருக்கும். ஒதுக்குவதற்காவது கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டுமே.

"நாளைக்குப் பிள்ளையை அனுப்புங்கம்மா."

"அவதான் சார் சின்னவனப் பாத்துக்கிடுதா. நான் வேலைக்குப் போவாண்டாமா? அவிய இருந்தா சரி." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் போகச் சொன்னாலும் அவ வரணும்லா."

"சின்னவனையும் கூட்டிட்டு வரட்டும். பக்கத்துலதான அங்கன்வாடி. நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் உள்ளே பார்த்து, "ஏட்டி, சார் வந்திருக்காவ" என்றார். அவள் கதவோரம் வந்து நின்றாள். கையில் போன். வளர்ந்திருந்தாள், கன்னம் ஒட்டியிருந்தது. நான் பேசுவதற்காக வைத்திருந்த முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"பூனக்குட்டி கண்ணு தொறந்துட்டா சார்?"

அந்தக் குட்டிகள் கண் திறந்து, வளர்ந்து, எங்கேயோ போய் வெகுநாளாகிவிட்டது. அதையெல்லாம் நான் சந்தோஷமாகச் செய்தி வாசித்திருந்தேன், இந்த வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும்.

"தொறந்துட்டு. ஒண்ணு இப்பமும் பள்ளிக்கூடத்துலதான் கெடக்கு" என்றேன். சத்துணவுக் கூடத்தைச் சுற்றி ஒரு பூனை திரிந்தது உண்மை. அந்தக் குட்டிதானா என்று எனக்குத் தெரியாது. "வந்து பாக்கியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் வந்தாள், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு. பூனையைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "இது தாய்ப் பூன மாதிரில்லா இருக்கு" என்றாள். பிறகு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

வருகைப் பதிவு எடுத்தேன். அவள் பெயரைக் கூப்பிட்டேன். கையை மட்டும் தூக்கினாள். சரி, முதல் நாள் கூச்சம் என்று விட்டேன். அடுத்த நாளும் கைதான். மற்றபடி பேசினாள், சிரித்தாள், சண்டை போட்டாள், வாய்ப்பாடு ஒப்பித்தாள். பெயரைக் கூப்பிட்டால் மட்டும் கை. நான் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி விட்டுப் பார்த்தேன். அவள் என் வகுப்பைத் தாண்டி நாலாவதுக்குப் போன பிறகும், ஐந்தாவது வரையிலும், பக்கத்து அறையில் வருகைப் பதிவு நடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் குரல் மட்டும் வந்ததே இல்லை. மற்ற எல்லாருடைய 'உள்ளேன் ஐயா'வையும் அவள் வாயால் கேட்டவன் நான். அவளுடையதை மட்டும் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஐந்தாவது முடித்து, கோவில்பட்டிப் பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வாங்க அவளுடைய அம்மா வந்தார். அவர் கிளம்பும்போது ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அந்தக் காலத்துல நான் பேசி அனுப்புனத முழுசாக் கேட்டது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தாம்மா. தெனமும் கட்டைவிரல் போடுவாரு. நான் மறக்கல."

அவர் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவியளா? உங்க சத்தம் கேட்டாலே போனைப் பிள்ள கையில குடுத்துட்டு வெளிய எந்திரிச்சுப் போயிருவாவ சார். வெரலு போடுதது இவதான். போடலன்னா நீங்க மறுக்காவும் அதையே அனுப்புவியளாம், நெட்டு தீந்துரும்னு அவியதான் போடச் சொல்லுவாவ."