ஒகேனக்கல்லின் அக்கரை

ஆடி மாதம் இரண்டாம் வாரம், காலை ரயிலில் ஆம்பூரை விட்டுக் கிளம்பினேன். ஒகேனக்கல் அருவியைப் பார்க்கப் போவதாகச் சொல்லித்தான் தோல் கிடங்கில் லீவு வாங்கியிருந்தேன். "அருவியில நின்னா நம்ம கிடங்கு நாத்தம் போய்டுமா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உண்மையில் நான் தேடிப் போனது என் தம்பி அருளப்பனை. அப்பா ஓங்கி விட்ட ஓர் அறைக்காகக் கோபித்துக்கொண்டு போனவன். மூன்று வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அதற்குள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பென்னாகரம் சந்தையில் பச்சைத்தோல் வாங்கும் எங்கள் ஊர் சாயபு ஒருவர், காவிரிக்கரையில் அருளப்பன் ஜாடையில் ஒருவனைப் பார்த்ததாக வந்து சொன்னார். அன்றிலிருந்து அம்மா என்னை உட்காரவிடவில்லை.

மொரப்பூரில் இறங்கி, தர்மபுரிக்குச் சின்ன ரயில் ஏறினேன். அதன் வேகத்தைப் பற்றி நான் ஏதும் சொன்னால் பாவம் சேரும். தர்மபுரிச் சத்திரத்தில் படுத்தெழுந்து, மறுநாள் பென்னாகரம் வரை பத்தொன்பது மைல் மோட்டார் பஸ், கட்டணம் எட்டணா. அப்பால் பத்து மைல் மாட்டுவண்டியில் மலையிறக்கம். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வண்டிக்காரர் அதைப் பற்றியே பேசிவந்தார். திடீரென்று அவர் வாயசைவது மட்டும் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. அருவி வந்துவிட்டது. மரங்களுக்கு மேல் வெள்ளையாக எழும்பியதை யாரோ மூட்டிய புகை என்றே நினைத்தேன். ஹொகே என்றால் கன்னடத்தில் புகையாம், கல் என்றால் பாறையாம். பெயர் வைத்தவன் கண்ணால் பார்த்ததைத்தான் வைத்திருக்கிறான்.

மூன்றாம் நாள் காலை பரிசல். பரிசல் ஓட்டவும், பிறகு பாறைகளின் மேல் நடத்திச் சுற்றிக்காட்டவும் சேர்த்து ஒரு ரூபாய் கேட்டார் மாரப்பன் என்ற பரிசல்காரர். மூங்கில் கூடை, அடியில் எருமைத்தோல். இதை நம்பித்தான் காவிரியில் இறங்கவேண்டும். உட்காரும் முன் என்னையறியாமல் தோலைக் கட்டைவிரலால் அமுக்கி, குனிந்து மோந்தும் பார்த்துவிட்டேன். மாரப்பன் இடியிடியென்று சிரித்தார்.

"நீங்க ஆம்பூருங்களா?"

"எப்படித் தெரியும்?"

"இப்டித் தோலை மோந்து பாத்தவன் இன்னொருத்தன்தான் வந்திருக்கான். பச்சைத்தோல் நாறுது, நான் பதம் போட்டுத் தர்றேன்னான். ஆவாரம்பட்டையில ஊறப்போட்டு, அழகாத்தான் கட்டிக் குடுத்தான். ரெண்டே நாள்ல தண்ணியக் குடிச்சுக் கோணியாட்டம் தொங்கிப்போச்சு. அன்னைலேருந்து அவன் பேரே ஆவாரம்பட்டைதான்!"

பரிசல் பாறைச் சுவர்களுக்கு நடுவே சுழன்றுகொண்டிருந்தது. இருபுறமும் அருவிகள் கொட்டின. பார்க்க இரண்டு கண் போதாது என்பார்கள். எனக்கு ஒரு கண்ணும் அங்கில்லை. பதம் போட்ட தோலை ஆற்றில் விடும் கிறுக்குத்தனம் எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே வரும். அதிலும் எங்கள் வீட்டுக்காரனுக்கு.

"அவன் என் தம்பி" என்றேன். "இப்ப எங்க இருக்கான்?"

மாரப்பன் சிரிப்பை நிறுத்தினார். "அக்கரையிலங்க. மாட்டுப்பட்டியில மாடு மேய்ச்சுக்கிட்டு இருக்கான். அங்கேயே கல்யாணமும் ஆயிடுச்சு. வெள்ளம் ஏறுது, நாலஞ்சு நாளைக்குப் பரிசல் அக்கரைக்குப் போகாது. ஆடியில வந்துட்டீங்களே!"

எனக்கோ மறுநாள் மாலைக்குள் கிடங்கில் நிற்கவேண்டும். கெஞ்சிப் பார்த்தேன். உயிரோடு விளையாட முடியாது என்றுவிட்டார். ஆனால் கரையேறியதும் வழக்கமான வழியை விட்டு, வழுக்குப் பாறைகளின் மேல் என்னைக் கைபிடித்து நடத்திச் சென்றார். ஆறு ஒடுங்கி ஓடும் ஓரிடத்தில் நிறுத்தினார். "உச்சிப்பொழுதுக்கு மாடு ஓட்டிக்கிட்டு வருவான். இருந்து பாருங்க."

மாடுகள் முதலில் வந்தன. பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒருவன். இடது கையை இடுப்பில் ஊன்றி நின்றான். அது அப்பாவின் நிற்பு. அப்பாவோடு சண்டையிட்டுப் போனவன் அவரையே இடுப்பில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான்! "அருளு! டேய், அருளு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் துண்டை அவிழ்த்து ஆட்டினேன். அவன் நிமிர்ந்தான்; அடையாளம் கண்டுகொண்டான். ஓடிவந்து, தண்ணீர் காலில் படும் இடத்தில் நின்றான்.

கேட்க எத்தனை இருந்தது! அப்பா இறந்ததை எந்தச் சைகையில் சொல்வது? கடைசியில் ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோனேன். சாப்பிட்டாயா?

அவன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். என்னை நோக்கிக் கை நீட்டி, அவனும் விரல்களைக் குவித்தான். நானும் வயிற்றைத் தட்டினேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது வேறு விஷயம். மாடுகள் கலைந்து ஓடவே, அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அவற்றின் பின்னால் போனான்.

எங்கள் பாலாற்றில் தண்ணீர் இல்லையென்று குறைசொல்லாத ஆம்பூர்க்காரன் கிடையாது, நானும் சொல்லியிருக்கிறேன். அன்று அந்தப் பெருவெள்ளத்தின் முன்னால் நின்று, இது நம் பாலாறாக இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். மணலில் நடந்தே போய் அவன் கையைப் பிடித்திருப்பேன்.

ஊர் திரும்பியபோது வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"பாத்தேன்மா. நல்லா கீறான். கல்யாணம் ஆயிடுச்சு."

"உன்னாண்ட இன்னா சொன்னான்?"

"சாப்ட்டானாம்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாதியில் நின்று திரும்பினாள்.

"இன்னா சாப்ட்டானாம்?" என்று கேட்டாள்.