ஓரெழுத்தும் தெரியாமல் அடித்த கொரியன்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல என்னை மாதிரி டைப்பிங் சென்டர் வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும்: ஊர்ல யாருக்கு அவசரம்னாலும், அது கடைசில நம்ம விரல்லதான் வந்து உக்காரும்.

கீபோர்டில் பிளாஸ்திரி

நாகலூர் எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் சவரிமுத்து மக ஸ்டெல்லா, போன்ல பார்த்தே கொரியன் படிச்ச புள்ள. மெட்ராஸ் பக்கம் ஒரு கொரியன் கம்பெனில மொழிபெயர்க்கற வேலைக்குன்னு, ஒரு நாள் காலைல அப்பாவும் மகளுமா என் கடைக்கு ஓடி வந்தாங்க. விண்ணப்பக் கடிதம் கொரியன்லயே, அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குள்ள போயாகணும். ஏற்காட்டுல கொரியன் கீபோர்டுக்கு எங்கீங்க போறது? என் இங்கிலீஷ் கீபோர்டு மேலயே பிளாஸ்திரிய வெட்டி ஒட்டி, ஒவ்வொண்ணுலயும் கொரியன் எழுத்தை எழுதிக்கிட்டா. ஜெராக்ஸ் எடுக்க வந்த கிளியூர்க்காரர் எட்டிப் பார்த்துட்டுக் கேட்டார்: "ஏனுங்க, கீழ விழுந்து நொம்ப அடி பட்டுருச்சுங்களா?"

நிமிர்ந்தபோது

எழுத்தைத் தேடித் தேடி, குனிஞ்ச தலை நிமிராம ரெண்டு மணி நேரம் அடிச்சா. பதினொன்னேகாலுக்குத் திரையைப் பார்த்தவ அழுதேபுட்டா. ரெண்டு பக்கமும் dkssudgktpdyன்னு இங்கிலீஷ் கந்தல்! கம்ப்யூட்டரைக் கொரியனுக்கு மாத்தவே மறந்திருக்கா. எனக்கு ஆத்திரம் அவ மேல இல்லீங்க, பக்கத்துலயே இருந்தும் ஒருதரம் எட்டிப் பார்க்காத என் மேல. சவரிமுத்து பதறிட்டார்: "ஐயோ சாமி, நாலு வருசம் படிச்சது முக்கா மணி நேரத்துல போயிருமா?"

அதே கீ

அப்பத்தான் பொறி தட்டுச்சு. பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச 'அம்மா', ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல mk;khன்னு நிக்குமே, அப்படி எத்தனை மனுவை நாம மீட்டிருக்கோம்! அழுத்தின கீயெல்லாம் சரி, மொழிதான் தப்பு. கந்தலைப் பிரின்ட் எடுத்துப் பக்கத்துல வெச்சேன். கொரியனுக்கு மாத்திட்டு, கண்ணைத் தாளை விட்டு எடுக்காம, அதே இங்கிலீஷ் எழுத்துகளை வரிசையாத் தட்டினேன். திரையில கொரியனா வந்துக்கிட்டே இருந்துது!

பதினொன்னே முக்காலுக்கு முடிச்சேன். ஸ்டெல்லா படிச்சுப் பார்த்து, ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னா. அஞ்சு நிமிசம் மிச்சம் வெச்சு அனுப்பினோம். சவரிமுத்து வெச்ச கண் வாங்காம என்னையே பார்த்தார்: "ஏனுங்க அம்மிணி, இத்தனை வருசமா கொரியன் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லலீங்களே!"

ஆர்டர் வந்தது

போன வாரம் ஸ்டெல்லா வேலை ஆர்டரைப் பிரின்ட் எடுக்க வந்தா. சந்தோசத்துல எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அவ சொன்னா: "கொரியன் டைப்பிங் எங்க கத்துக்கிட்டேன்னு இன்டர்வியூல கேட்டாங்கக்கா, ஏற்காடு பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லிட்டேன்!"

பதினெட்டு வருசமா அடிக்கற தமிழ்ல இன்னும் எழுத்துப்பிழைக்குத் திட்டு வாங்கற நான், ஓரெழுத்தும் படிக்கத் தெரியாத கொரியன்ல மட்டும்தானுங்க தப்பே விடாத டைப்பிஸ்ட்.