கொழுந்து கிள்ளும் கையோடு கேத்திக்கு

ஓவேலியில் காலை ஆறு மணி பஸ். மகன் செல்வராஜ் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தான். வழியில் ஒன்றும் பேசவில்லை. பேசினால் சண்டை வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர் தேயிலை. அதைப் பிடுங்கிவிட்டு இஞ்சி, வாழை, மிளகு, ஒரு மாடு என்று பலதும் வைக்க வேண்டும் என்கிறான் அவன். நானும் அவனுடைய அப்பாவும் நட்ட செடி அது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சரி என்றால்தான் மண்வெட்டி இறங்கும். மழைக்காலம் முழுக்க முடியாது என்றே சொல்லி வந்தேன். கேத்தியில் கட்டிக்கொடுத்த மகள் சாந்திதான் போனில், "அங்க உக்காந்துகிட்டே மாட்டேன்னு சொல்லாதம்மா. எங்க வயக்காட்ட வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றாள். அதற்காகத்தான் கிளம்பினேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்களில் கேத்தியைப் பார்த்தவர்கள் குறைவு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், மெதுவாகத்தான் போவேன். மலை ஏறுகிற பஸ்ஸும் அப்படித்தான் போகும்.

கூடலூரில் ஊட்டி பஸ்ஸுக்கு மாறினேன். ஊட்டி அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். நடுவட்டம் ஏறும்போது ஒரு வளைவு வரும். அங்கே மூடுபனி விலகினால் சரிவு முழுக்கத் தேயிலை தெரியும். எனக்கு அது சிலோன். நான் பிறந்த தோட்டத்திலும் லயத்து வாசலில் நின்றால் இப்படித்தான் தெரியும். எங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள் என்று தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது தங்கச்சி ராமாயியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு அங்கே கல்யாணம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் முகத்தை நேரில் பார்க்கவில்லை, போனில் குரல் மட்டும்தான். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்ததே என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எட்டரை மணிக்கு டீக்கு நிறுத்தினார்கள். டீ பதினைந்து ரூபாய். தேயிலை விளைகிற ஊரில் இப்படித் தண்ணியாகவா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி டிக்காஷன் ஊற்றினார். கடைக்குப் பக்கத்திலேயே டயர்கள் அடுக்கியிருந்தன. "மண்ணு சரியுதுன்னா டூரிஸ்ட் வரமாட்டாங்க, அடுப்பு அணைஞ்சுருமுங்க. லாரி மட்டும் ஓடும், அதான் பஞ்சரும் ஒட்டுறேன்" என்றார். டீ போட்ட கையா, பஞ்சர் ஒட்டிய கையா என்று டிரைவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது.

ஊட்டியில் இறங்கி, குன்னூர் போகிற பஸ்ஸில் ஏழெட்டு கிலோமீட்டர் போனால் கேத்தி. அதே பஸ்ஸில் கடைசி வரை போனால் குன்னூர். எங்கள் தேயிலை ஏலம் போகிற ஊர். நாம் கிள்ளுகிற கொழுந்துக்கு விலை சொல்கிறவர்களை நாம் பார்த்ததே இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சாந்தி ஸ்டாப்பில் நின்று கையை ஆட்டியதால் இறங்கிவிட்டேன்.

கேத்திப் பள்ளத்தாக்கில் ஒரே நிறமாக எதுவும் இல்லை. கேரட் ஒரு துண்டு, முட்டைகோஸ் ஒரு துண்டு, பூண்டு, பீட்ரூட், ஓரத்தில் கம்பு நட்டு ஏற்றிய பட்டாணி. சம்பந்தியம்மா மாராத்தாள் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். குத்தகைக்கு நிலம் பிடித்து இங்கே பயிர் வைத்துப் பல வருஷம் ஆகிறது. இந்த வருஷம் கேரட்டுக்கு விலை இல்லை, பிடுங்குகிற கூலிகூடத் தேறாது என்று மண்ணிலேயே விட்டுவிட்டாராம். பட்டாணி காப்பாற்றும், அதுவரை மாட்டுப் பால் ஓட்டும் என்றார். நான் கேட்டுக்கொண்டே வரிசை நடுவில் நடந்தேன்.

வரிசை முடிந்ததும் அவர் என் கையைப் பார்த்தார். பிறகுதான் நானும் பார்த்தேன். இரண்டு கையும் நிறையப் பட்டாணிக் கொடியின் நுனி. பேச்சுக் கேட்டுக்கொண்டே, தேயிலையில் கிள்ளுகிற மாதிரி இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளி வந்திருக்கிறேன். தோளில் கூடை இல்லாததால் கையிலேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க சம்பந்தியம்மா, இன்னும் பூவே வுடலீங்க. அதுக்குள்ள கொழுந்து எடுத்துப் போட்டீங்களே. எடை போட்டுரலாமுங்களா?"

சாந்தி சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். நான் நாற்பது வருஷம் பறித்தவள், கை என்னைக் கேட்டா செய்யும் என்றேன். மதியச் சோற்றுக்குச் சாந்தி அந்த நுனிகளைப் பருப்பில் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிடும்போது சம்பந்தியம்மா தானாகவே இன்னொன்றும் சொன்னார். ஒரு வருஷம் உறைபனி விழுந்ததாம். விடிந்து பார்த்தால் கேரட், உருளை, பீன்ஸ், எல்லாமே கருகிக் கிடந்ததாம். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலையும் கருகுச்சுங்க. ஆனா வேர் சாகல. ரெண்டு மாசத்துல துளிர் வுட்டுருச்சு. நாங்க பாத்துக்கிட்டு நின்னோம்" என்றார். அவர் அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை என்பதற்காகவே அவருடைய மற்றப் பேச்சையும் நம்பினேன்.

மாலை நாலு மணிக்குத் திரும்பும் பஸ். வரும்போது பார்த்த அதே வளைவு. இந்தத் தடவை ராமாயியின் குரல்தான் காதில் இருந்தது. இலங்கையில் எல்லாம் தட்டுப்பாடாகி நாடே கியூவில் நின்ற சமயம் அவள் அழைத்திருந்தாள். "அக்கா, நாங்க பறிச்ச கொழுந்து கப்பல்ல போயிருச்சு. ரொட்டி சுடக் கோதுமை மா வர்ற கப்பல் வரல. கொழுந்தையா அவிச்சுத் திங்கிறது?" என்றாள். பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். லயத்துக்குப் பின்னால் அவள் புருஷன் வேலைவெட்டி இல்லாமல் நட்டு வைத்த மரவள்ளியைத் தோண்டி அவிக்கிறேன் என்றாள். தேயிலையையும், பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களையும், வெளிநாட்டில் வேலை செய்கிற பெண்கள் அனுப்புவதையும் நம்பி நின்ற நாடு அது. மூன்றுக்கும் காசு கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி வைத்தவர்கள் அந்த நாட்டில் எத்தனை பேரோ. பெரிய நாட்டுக்கும் என் அரை ஏக்கருக்கும் கணக்கு ஒன்றுதான். பலதும் வேண்டும். எல்லாம் ஒரே பனியில் கருகுகிறதாகவும் இருக்கக் கூடாது.

இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் செடியைப் பிடுங்கினால் செல்வராஜின் அப்பா கையால் நட்டது போய்விடும், விடிந்து எழுந்து பார்க்க எனக்குச் சிலோன் இருக்காது. அதற்காகத்தான் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் செல்வராஜ் டார்ச்சோடு நின்றான். பையை வாங்கிக்கொண்டு வழிக்கு வெளிச்சம் காட்டினான்.

"ரோட்டோரத்துல இருந்து பாதி வரைக்கும் பிடுங்கிக்க. மேல் பாதியில கைய வைக்காத" என்றேன்.

"சரிம்மா" என்றான்.

இப்போது கீழே இஞ்சி முளைத்திருக்கிறது. காலையில் அதன் நடுவேதான் ஏறிப் போக வேண்டும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஏறுகிறேன். மேலே தேயிலை தொடங்குகிற இடத்தில் கையை அவிழ்த்து விடுகிறேன்.