ஆறுமணிக்குருவியும் என் காதும்

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில், எங்கள் தெருவில் மின்தறி ஓடாத வீடு கிடையாது. ஒரு தறி ஓடினாலே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. எங்கள் முன்கட்டில் நான்கு ஓடின. அதனால் நாங்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனாலும் கத்தித்தான் பேசுவோம். பந்தியில் நலம் விசாரித்துக்கொண்டிருப்போம். ஏதோ தகராறு என்று நினைத்து சாம்பார் வாளிக்காரர் தயங்கி நிற்பார்.

ஒரு மார்கழிச் சாயங்காலம் கரண்ட் போயிற்று. தெரு முழுக்கத் தறி நின்றது. சரி, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பின்வாசலுக்குப் போனேன். முருங்கை மரத்துக்கு அப்பால் இருந்த புதரிலிருந்து இரண்டு சத்தம் வந்தது. முதலாவது மேலே ஏறியது, அடுத்தது இறங்கியது. சீட்டி மாதிரிதான், ஆனால் எந்த மனுஷன் அடிக்கிற சீட்டியும் அவ்வளவு சுத்தமாக இருக்காது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாழாய்ப் போன கரண்ட் வந்துவிட்டது.

அது ஆறுமணிக்குருவி என்று தெரிந்துகொள்ளவே ரொம்ப நாள் பிடித்தது. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து வரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடும். மற்ற நேரம் புதருக்கடியில் சருகைக் கிளறிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும். முதுகு பச்சை, கண்ணோரம் கறுப்பு, இறக்கையில் ஒரு துண்டு நீலம், அடிவயிற்றில் சிவப்பு. ஒரே சேலையில் இத்தனை நிறம் போட எங்களுக்கே துணிச்சல் வராது. இவ்வளவு இருந்தும் லேசில் கண்ணில் படாது. முதலில் காதில் விழ வேண்டும், அந்தத் திசையில் தேடினால்தான் கண்ணுக்கு அகப்படும்.

காமிரா வாங்கியதே இதற்காகத்தான். திருப்பதியில் ஒரு கல்யாணப் போட்டோக்காரர் கழித்துக்கட்டிய பழைய காமிரா, அதற்கு ஒரு நீள லென்ஸ். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. பனி விலகுவதற்குள் ஏரிக்கரைக்கோ மலையடிவாரத்துக்கோ போய்விடுவேன். பனங்காடை, கொண்டலாத்தி, நாமக்கோழி எல்லாம் படத்துக்கு வந்தன. இது மட்டும் வரவில்லை. இந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது போலிருக்கிறது என்று ஒவ்வொரு குளிர்காலமும் நினைத்துக்கொண்டேன்.

அது வந்துகொண்டுதான் இருந்தது. எனக்குத்தான் கேட்கவில்லை. திருப்பதியில் காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, தறிச் சத்தத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போவது மெல்லிய உச்ச ஒலிகள்தான், போனது திரும்பாது என்றார். காது மிஷின் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு போனால் சட்டைக் காலர் உரசுவதே இடி இடிக்கிற மாதிரி இருந்தது, கழற்றி வைத்துவிட்டேன். செவிடன் காதில் சங்கு ஊதியது போல என்பார்கள். சங்கு எனக்கு நன்றாகவே கேட்கும். குருவி ஊதினால்தான் கேட்காது. ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது அழுகை வந்தது. முதுகு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு தடவை கேட்ட அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர நான் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவனில்லை.

அதற்கப்புறம் மனைவியும் கூட வர ஆரம்பித்தாள். குருவிமேல் பிரியம் ஒன்றும் இல்லை. சென்னை ரோட்டில் லாரி ஹாரன் அடித்தால் எனக்குக் கேட்காதே என்ற பயம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து, வண்டி நெருங்கினால் தோளைத் தட்டுவாள். அவள் பின்கட்டில் நூல் சுற்றியவள், காது பழுதில்லை.

"ஒரு குருவி பின்னாலயே சுத்திக்கினு கீறீங்களே, அது இன்னா வெத்தல பாக்கு வெச்சி அழைச்சிதா?" என்பாள்.

வடமாலபேட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. அதைப் பார்த்துக்கொள்கிறவர் தெலுங்குக்காரர். ஒருமுறை அவரிடம் போனில் ஆறுமணிக்குருவியின் படத்தைக் காட்டி, பறவைப் படமெடுக்கிறவர்கள் அதற்குச் சொல்கிற பெயரில், "பிட்டா, பிட்டா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது.

"அன்னா, மீ பிட்ட வச்சிந்தன்னா. ரேப்பு பொத்துன ரண்டி."

உங்கள் பிட்டா வந்துவிட்டது, நாளைக் காலை வாருங்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். அவர் சத்தம் போடாமல் வரச் சொல்லி முன்னால் நடந்தார். கிணற்று மோட்டார் பைப்பின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு மீன்கொத்தியைக் காட்டினார்.

"சூடன்னா, எந்த பாகுந்தோ," என்றார். எவ்வளவு அழகு பாருங்கள் என்று, தானே வரவழைத்த மாதிரி.

தெலுங்கில் பிட்ட என்றால் குருவி. காக்கையைத் தவிர எது பறந்தாலும் பிட்டதான். படமெடுக்கிறவர்கள் வாயில் புழங்கும் பிட்டாவே இந்தத் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கில்தான். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். என் காதுக்கும் அதே வியாதி. அவர் மனம் கோணக்கூடாதே என்று மீன்கொத்தியைத் திருப்பித் திருப்பி எடுத்தேன். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

ஆனால் இடம் நல்ல இடம். மாமரத்தடியில் கணுக்கால் புதையச் சருகு, ஒட்டினாற்போல் ஓடைப் புதர். வந்தால் இங்கேதான் வரும் என்று தோன்றியது. அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அங்கேயே போனோம்.

தை பிறந்து மாம்பூ வாசனை வர ஆரம்பித்திருந்தது. ஒருநாள் வெளிச்சம் சரியாக வராத நேரம். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி சட்டென்று கையைத் தூக்கினாள். தறிச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாததால் எங்கள் தெருவில் எல்லாருமே கையாலும் மோவாயாலும் பேசப் பழகியவர்கள். இழை அறுந்தது, தறியை நிறுத்து, அந்தப் பக்கம் பார் என்று எல்லாவற்றுக்கும் ஜாடை உண்டு. அவள் உள்ளங்கையைத் தாழ்த்தினாள், நின்றேன். மோவாயை இடப்பக்கம் காட்டினாள், திரும்பினேன். இன்னும் கீழே என்றாள்.

வேர் ஒன்றின்மேல் நின்றுகொண்டிருந்தது. லென்ஸுக்குள் அந்த நீலம் தெரிந்ததும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அலகை வானத்தைப் பார்த்துத் திறந்தது. தொண்டை துடித்தது. மறுபடியும் திறந்தது. அது கூப்பிடுகிறது என்று கண் சொன்னது. என் காதில் விழுந்தது காமிராவின் சத்தம் மட்டும். அதையும் நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்தேன், எடுக்காமல் இருந்தாலாவது கேட்குமோ என்று. அது தத்தித் தத்திப் புதருக்குள் போய்விட்டது.

"கேட்டுதாங்க?" என்றாள்.

"இல்ல."

அவள் முகம் வாடிவிட்டது. "கிட்டக்கவே கத்திச்சே," என்றாள் மெதுவாக.

"எப்பிடிக் கத்திச்சி, சொல்லு."

"நான் இன்னா குருவியா, சொல்றதுக்கு?"

தோப்புக்காரர் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். அப்புறம் என் காதருகே குனிந்து, வெட்கத்தோடு, "வீ...ட், ட்யூ" என்றாள். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. இன்னொரு தரம் கேட்டேன். இன்னொரு தரமும் செய்தாள்.

படம் நன்றாக வந்திருக்கிறது. அலகு திறந்திருக்கிறது, தொண்டை இறகு சிலிர்த்திருப்பதுகூடத் தெரிகிறது. போனில் அதை வைத்துக்கொண்டு அடிக்கடி பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு குரல் கேட்கிறது, அது மனைவியின் குரல். அன்று பின்வாசலில் கேட்ட குருவியின் குரலை எவ்வளவு முட்டி மோதிப் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. அவள் குரல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நான் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தால், பாவம், கேட்காமலே வந்து என் காதில் கூவிவிட்டுப் போகிறாள்.