அப்பா கும்பகோணம் போன மூன்று முறை

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களிலும் நண்பர்களிலும் அவருடைய குறுக்கு விசாரணைக்கு ஆளாகாதவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். அதைக் குறையாக எழுதவில்லை. அந்தக் குணத்தால்தான் என் வாழ்க்கை அமைந்தது.

அப்பா முத்தாண்டிக்குப்பத்தில் பிறந்தவர். இளம் வயதில் முந்திரிக் கொல்லையில் கூலி வேலை செய்தார். பிறகு நெய்வேலி சுரங்கத்தில் பல ஆண்டுகள் கான்ட்ராக்ட், அதன் பின்னரே பெர்மனென்ட். கன்வேயர் பெல்ட்டைச் சோதிப்பது அவர் பணி. முந்தைய ஷிப்ட்காரர் எழுதிவைத்த குறிப்பை முதலில் படிக்கவே மாட்டார். பெல்ட் நெடுக நடந்து தாமே பார்த்துவிட்டுத்தான் நோட்டைத் திறப்பார். "படிச்சிட்டுப் போனா அவன் பாத்ததத்தான் நாமளும் பாப்போம்" என்பார்.

ஆண்டுக்கொரு முறை எங்களைக் கோயில் ஊர்களுக்கு அழைத்துச் செல்வார். அங்கும் இதே முறைதான். காஞ்சிபுரத்தில் சேலை நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்த பிறகே அம்மாவுக்குப் பட்டு. மதுரையில் ஓட்டலின் பின்பக்கம் போய் அடுப்படியைப் பார்த்த பிறகே எங்களுக்கு இட்லி. ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் விரல்விட்டு எண்ணி, ஒன்று விட்டுப்போனதாகச் சொல்லி ஈரத்துணியோடு எங்களைத் திரும்ப நடத்தினார். எதுவும் விட்டுப்போகவில்லை.

"சாமிகிட்டயும் கையெழுத்து வாங்கிக்கினுதான் வருவாரு உங்கப்பா" என்றார் அம்மா.

நான் டிப்ளமோ முடித்துச் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். உடன் பணிபுரிந்த கும்பகோணத்துக்காரர் ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்புவதாக அப்பாவிடம் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை.

"பேரு, தெரு ரெண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத. நீ சொல்றது ஒரு பக்கத்து ரிப்போர்ட்டு."

அடுத்த வாரமே, "கும்பகோணத்துல கோயில் பாத்துட்டு வரன்" என்று வடலூரில் பஸ் ஏறினார். மகாமகத்துக்கு முந்தைய ஆண்டு அது. கோயில்களுக்கெல்லாம் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது கையில் வெற்றிலைக் கவுளியும் பித்தளை விளக்கும் இருந்தன. மறுமாதமும் போய்ப் பித்தளைச் சொம்பு வாங்கிவந்தார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. என் பழக்கப்படி எழுதிப் பார்த்தேன். வீட்டில் ஏற்கெனவே நான்கு விளக்குகள் இருந்தன. எந்தச் சன்னிதியில் நின்றார் என்று கேட்டால் "எல்லாந்தான்" என்றார். இட்லிக்கு ஊற்றிய கடப்பாவை மட்டும் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, சோம்பு என்று பிரித்துச் சொன்னார். இரண்டு முறையும் திருநீறோ குங்குமமோ வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல ஏதோ காரணம் சேர்க்கிறார் என்றே முடிவு செய்தேன். அப்பாவின் சம்மதம் இல்லாமல் திருமணம் இல்லை, வேறொருவரோடும் இல்லை என்று எனக்குள் உறுதி செய்திருந்ததால், இரவெல்லாம் அந்தப் பட்டியலே மனத்தில் ஓடியது.

மூன்றாம் முறை நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்பா மறுக்கவில்லை.

"ஒரு பாத்திரக்கடை அம்மா இருக்காங்க. அந்தத் தெருவுல உள்ளத சொல்ற ஆளு அவங்க ஒருத்தர்தான். அந்த வூட்டப் பத்தி அவங்ககிட்டதான் கேட்டுக்கினு இருக்கன்" என்றார் பஸ்ஸில். நான் விரும்பியவருடைய தாயார் பாத்திரக்கடை நடத்துவது எனக்குத் தெரியும். ஆனால், கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்கா பஞ்சம்?

கடை வாசலில் முக்காலியில் இருந்த அம்மையார் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க நெய்வேலி! இன்னிக்கு என்ன, குத்துவிளக்கா, தாம்பாளமா, இல்ல வெறுங் கேள்விதானா?"

கைபேசிப் படத்தில் நான் பலமுறை பார்த்த முகம்.

"அப்பா, இவங்கதான் அவரோட அம்மா."

அப்பா பார்ப்பதற்காகக் கையில் எடுத்திருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத தடவையே தெரிஞ்சுபோச்சு. நெய்வேலிக்காரர் ஒருத்தர் வந்து, வெளக்கத் தட்டிப் பாக்காம எம் மவனத் தட்டிப் பாத்தா தெரியாதா?"

"அப்ப தெரிஞ்சுக்கினுதான் பேசினீங்க. நீங்க யாருன்னு மட்டும் நான் கேக்கல."

"தெரிஞ்சுதான். ஆனா கேட்டதுக்கெல்லாம் உள்ளதத்தான் சொன்னேன்."

அப்பா கடைப்படி இறங்கி நடந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏம்மா, உங்கப்பா கோயிலுக்குப் போறாரா, பஸ்ஸுக்கே போறாரா?" என்று அந்த அம்மையார் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அப்பா வந்தார். தெரு முழுவதையும் மறுபடி விசாரித்திருந்தார்.

"வெத்தலக்கடை, டிபன் கடை, பூக்கடை, எல்லாரையும் கேட்டன். தங்கமான புள்ளன்றாங்க. கோவம் வந்தா ரெண்டு நாளு பேச மாட்டான்னு ஒருத்தரும் சொல்லல. நிச்சயம் வரைக்கும் வந்த வரன் ஒண்ணு நின்னுபோச்சுன்னும் சொல்லல. மறைக்க வேண்டிய ஆளு நீங்க. நீங்கதான் சொன்னீங்க."

"பின்ன? நாளைக்கு ஒங்க பொண்ணு எங்கிட்டல்ல வந்து கேக்கும், ஏன் சொல்லலன்னு!"

"நாள் பாருங்க" என்றார் அப்பா. அன்றுதான் கும்பகோணத்தில் அப்பா முதன்முதலாகக் கோயிலுக்குள் போனார்.

திருமணத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் நலமாக இருந்தார். பிறகு மூச்சுத்திணறல் வந்தது. கடைசி நான்கு மாதங்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வரவில்லை.

அந்நாட்களில் முறைவைத்து உடனிருந்த ஷிப்ட் நண்பர்களுக்கும், ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குக் கஞ்சியோடு வந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கும், இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த முத்தாண்டிக்குப்பத்து உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

என் மாமியாருக்கு இங்கே தனியாக நன்றி சொல்ல வேண்டும். கடையை அடைத்துவிட்டு இரண்டு மாதம் எங்களோடு தங்கினார். நான் மாத்திரை கொடுத்தால் அப்பா அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டுத் தேதியைப் படிப்பார். அம்மா கொடுத்தாலும் அப்படித்தான். அத்தை கொடுக்கும்போது வாயைத் திறந்து காட்டுவார்.