சமையல் மேடைக்கு நான் கொடுத்த அளவு

வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, சமையல் மேடைக்கு அளவெடுக்கக் கொத்தனார் வந்தார். ஆசிரியையான என் மனைவி பள்ளிக்குப் போயிருந்ததால், நானே சுவரோரம் நின்று என் இடுப்புயரத்தைக் காட்டினேன். அவள் என் தோளுக்குத்தான் வருவாள் என்று தோன்றவே இல்லை.

ஒரு மாதமாக அவள் மணைப்பலகைமேல் ஏறி நின்று சமைத்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. ஒருநாள் சோறு வடிக்கும்போது பலகை சறுக்கியது. கொதிக்கும் கஞ்சி அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியது.

பதறிப்போய், "ஏன் சொல்லல?" என்றேன்.

"ஆசையா நின்னு மேடையைக் கெட்டுனீங்க. எப்படிச் சொல்லதுன்னு இருந்துட்டேன்."

கொத்தனாரை மறுபடி அழைத்தேன். "சமைக்கது அக்கான்னா, அக்காவைல்லா நிப்பாட்டி அளந்திருக்கணும் அண்ணாச்சி!" என்றார்.

அவளை நிற்கவைத்து அளந்து, பாதி மேடையை மட்டும் இறக்கச் சொன்னேன். மீதி என் உயரத்திலேயே இருக்கிறது. இப்போது அங்கே நின்று தினமும் சோறு வடிப்பது நான்தான்.